துரைக்குச் சொன்ன ஆமா

வக்கீல் திருப்பதி ராஜாவிடம் நூற்றுப் பன்னிரண்டு இங்கிலீஷ் புத்தகங்கள் இருந்தன. ராஜபாளையத்து வீட்டில் கண்ணாடி அலமாரிக்குள் அவை பாரா நிற்கும். வரும் கட்சிக்காரர்கள் புத்தகத்தைக் கும்பிடுவதா, வக்கீலைக் கும்பிடுவதா என்று விளங்காமல் இரண்டுக்கும் நடுவில் ஒரு கும்பிடு போட்டு வைப்பார்கள். அதில் ஒரே ஒரு புத்தகத்துக்கு மட்டும் பட்டு உறை. ட்ரெவில் துரை என்ற சப்-கலெக்டர் நாற்பது வருஷத்துக்கு முன்னால் குதிரையில் ஊர் ஊராகப் போய், தென்ஜில்லா ஜனங்களின் ஆசார வழக்கங்களை எழுதி அச்சுப் போட்டது.

"நம்மளப் பத்தி நமக்கே தெரியாததை எல்லாம் துரை கண்டுபிடிச்சிருக்கான்யா" என்பார் வக்கீல்.

"ஆமாங்க சார்" என்பார் குமாஸ்தா வேதமணி.

பதினெட்டு வருஷ உத்தியோகத்தில் அவர் வேறு பதில் சொன்னதாகத் தகவல் இல்லை. வக்கீல் தும்மினால்கூட ஆமாங்க சார்தான்.

1936 ஆனி மாசம் அந்தப் பட்டு உறைப் புத்தகம் வக்கீலின் கட்சிக்காரி மேலேயே பாய்ந்தது.

சேத்தூர்ப் பக்கத்து வெள்ளத்தாய்க்குப் புருஷன் சோலைச்சாமி தவறிப்போய் ஏழு மாசம். அண்ணன் தம்பி பாகம் பிரிந்து, அவன் பங்குக்கு வந்தது ஒரு கிணறும் அதைச் சுற்றி மூணு ஏக்கரும். கருமாதி முடிந்த மறுநாள், பருத்தி வாடுவதைப் பார்க்கச் சகிக்காமல் வெள்ளத்தாயே மாட்டைப் பூட்டிக் கமலை ஓட்டித் தண்ணீர் இறைத்தாள். கொழுந்தன் ஆண்டிச்சாமி ஸ்ரீவில்லிபுத்தூர் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டுவிட்டான். அவன் வக்கீல் கோமதிநாயகம் காட்டிய ஆதாரம், ட்ரெவில் துரையின் இருநூற்றுப் பதினாலாம் பக்கம்: இந்த ஜனங்களில், புருஷன் செத்து ஒரு வருஷம் கழியுமுன் விதவை தன் கையால் கிணற்றில் நீர் இறைத்தால், கிணறும் நிலமும் புருஷனின் சகோதரனுக்குப் போகும்.

"கேஸ் நடத்த வேண்டாம், ராஜியாப் போயிரும்மா. கஞ்சிக்கு ஏதாவது வாங்கித் தாரேன்" என்றார் திருப்பதி ராஜா. "துரையே எழுதிட்டான். அச்சிலே இருக்கு. நான் என்ன செய்ய?"

வெள்ளத்தாய் அவரைப் பார்க்கவில்லை, அலமாரியைப் பார்த்தாள். "எசமான், அந்தத் துரை எங்க ஊர்ல எம்புட்டு நாள் இருந்தாராம்?"

"ஏன்?"

"நான் வாக்கப்பட்டு இருவது வருசமாச்சு. எங்க மாமியா தாலி அறுத்த மறுமாசமே கமலை ஓட்டுனவ. எனக்கே தெரியாத வழக்கம் அவருக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு கேட்டேன்."

வக்கீலுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் இங்கிலீஷ் வரும். இங்கிலீஷ் வந்தால் உள்ளே போய்விடுவார்.

வேதமணி அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டார். அவள் நகரவில்லை.

"அண்ணாச்சி, நீங்க படிச்சவுக. எங்க வீட்டுத் தாத்தா சாகுறமட்டும் சொல்லிச் சிரிப்பாரு. அந்தத் துரை வந்து புளியமரத்தடியில நாற்காலி போட்டு உக்காந்து காலையில இருந்து கேள்வியாக் கேட்டாராம். இல்லைன்னு சொன்னா, ஏன் இல்லைன்னு இன்னும் நாலு கேள்வி. ஆமான்னா எழுதிக்கிட்டு அடுத்ததுக்குப் போயிருவாராம். மாடு தண்ணிக்குக் கத்துது. வரி போடத்தான் கேக்காரோன்னு பயம் வேற. அம்புட்டுக்கும் ஆமா சாமி, ஆமா சாமின்னு சொல்லி அனுப்பி வச்சிருக்காக."

வேதமணி சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. அந்த வார்த்தை எங்கேயோ ரொம்பக் கேட்ட வார்த்தை மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம், பக்கத்தை மொழிபெயர்க்க வேண்டும் என்று சொல்லிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். பட்டு உறையைக் கழற்றினால் ஒரு சங்கதி. அந்தக் காலத்துச் சீமைப் புத்தகங்களில் தாள்கள் ஓரம் மடிந்தபடியே வரும். வாங்கினவன் கத்தியால் அறுத்துத்தான் படிக்க வேண்டும். வக்கீலின் பிரதியில் முன்னுரை மட்டும் அறுபட்டிருந்தது, அதுவும் பாதி. மிச்சம் அத்தனையும் மடித்தது மடித்தபடி கன்னி கழியாமல் கிடந்தது. பதினெட்டு வருஷமாக ஊரையே மிரட்டிய புத்தகத்தை, வைத்திருந்தவரே படித்ததில்லை.

வேதமணி பேனாக்கத்தியை எடுத்தார். பக்கம் பக்கமாக அறுத்து, விளக்கு வைக்கிற நேரம்வரை படித்தார். பருத்தி வெடிக்காத வருஷம் எருமைக்குத் தாலாட்டுப் பாடுகிற ஊர் ஒன்று. செட்டியார்பட்டிப் பக்கம் மாமனார் முகத்தில் மோர் தெளித்தபிறகே சாப்பிடும் மருமகன்கள். எல்லாவற்றின் அடியிலும் துரையின் பெருமிதமான குறிப்பு: 'பதில்கள் தயக்கமின்றி, ஒருமனதாகத் தரப்பட்டன.'

வேதக்காரர்களான கிறிஸ்தவர்களைப் பற்றியும் ஒரு பத்தி இருந்தது. செருப்புத் தேயாமலிருக்கக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து, கோயில் வாசலில் மாட்டிக்கொண்டு உள்ளே போவார்களாம். வேதமணிக்குக் காது சுட்டது. ஏனென்றால் அது மட்டும் நிஜம். அவர் தாத்தா அப்படித்தான் போனார். துரை கண்ணால் பார்த்து எழுதியது சரியாக இருந்தது. கேட்டு எழுதியதுதான் இப்படி.

மறுநாள் காலை வக்கீல் நாற்காலியில் இருந்தார். காலடியில் அவருடைய வெள்ளை வேட்டைநாய் சீசர் படுத்திருந்தது.

"வெள்ளத்தாய் கேஸ் ராஜிதானே, வேதமணி?"

"இல்லைங்க சார்."

வக்கீல் நிமிர்ந்தார். சீசரும் நிமிர்ந்தது.

வேதமணி புத்தகத்தை விரித்து ஒரு பக்கத்தில் விரலை வைத்து நீட்டினார். ராஜபாளையத்து ராஜாக்கள் கல்யாணத்தில், வீட்டு வேட்டைநாய்க்கு மாலை போட்டு மணையில் உட்கார்த்தி, மாப்பிள்ளை அதை நமஸ்கரித்த பிறகே தாலி கட்டுவது என்று எழுதியிருந்தது.

"ஏமிடி இதி!" வக்கீலுக்குத் தாய்மொழியான தெலுங்கு வந்துவிட்டது. "என் கல்யாணத்திலே நாயே கிடையாதுய்யா!"

"அச்சிலே இருக்குங்க சார்" என்றார் வேதமணி.

அறுபட்ட தாள் ஓரங்களை வக்கீல் தடவிப் பார்த்தார். அறுத்தது யார் என்று கேட்டால் அறுக்காதது யார் என்ற கேள்வியும் வரும் என்பதால் கேட்கவில்லை. கடைசியில், "வாசல்ல அந்தப் பொம்பளை ஏதோ புளியமரத்துக் கதை சொன்னாளே, அதைச் சொல்லு" என்றார்.

வழக்கு விசாரணைக்கு வந்த அன்று கோர்ட்டில் நல்ல கூட்டம். கோமதிநாயகம் எழுந்து, ட்ரெவில் துரையின் நூல் முழுக்கவும் பிரமாணம், அதில் ஒரு வரியை நம்பி ஒரு வரியைத் தள்ள முடியாது என்று முக்கால் மணி நேரம் முழங்கினார். பிறகு வெள்ளத்தாயைக் கூண்டில் ஏற்றினார்.

"பதினேழாம் நாள் தண்ணி இறைச்சியா?"

"இறைச்சேன். பருத்திக்குத் துக்கம் தெரியாதுல்ல."

"அப்ப துரை பொய் எழுதிட்டாரா?"

"அவரைக் குத்தம் சொல்லலைங்கய்யா. எங்க ஆளுக ஆமான்னாக, அவரு எழுதுனாரு. நான்தான் இல்லைங்கேன். அதையும் யாராவது எழுதுங்க."

அடுத்து ஆண்டிச்சாமி கூண்டில் ஏறினான். முன்சீப்பையும் கறுப்புக் கோட்டுகளையும் பார்த்ததுமே தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். திருப்பதி ராஜா அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு முதல் இரண்டு கேள்விகளை இங்கிலீஷில் கேட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வேதமணி மெல்ல இருமினார். வக்கீல் தமிழுக்கு இறங்கினார்.

"உங்க ஆளுக செவ்வாய்க்கிழமை பருத்தி எடுக்க மாட்டீகளாமே?"

"ஆமாங்க சாமி."

"புதன்கிழமையும்?"

"ஆமாங்க சாமி."

"மாமனார் மூஞ்சியில மோர் தெளிச்சிட்டுத்தான் சாப்பாடோ?"

"ஆமாங்க சாமி."

கோமதிநாயகம் கண்ணால் ஜாடை காட்டிப் பார்த்தார். ஆண்டிச்சாமி அந்த ஜாடைக்கும் ஒரு ஆமா போட்டான். பின்பெஞ்சில் ஒரு சிரிப்பு வெடித்தது.

"எங்க ஜாதிக் கல்யாணத்துல நாய்க்கு மாலை போட்டு மாப்பிள்ளை விழுந்து கும்பிடுவான். நீ பாத்திருக்கே?"

"ஆமாங்க சாமி, பாத்திருக்கேன்."

டவாலிச் சேவகனே வாயைப் பொத்திக்கொண்டான். "என்ன கூத்து இது?" என்று முன்சீப் மேஜையைத் தட்டினார். "அந்தப் புஸ்தகத்தை இங்கே கொண்டாரும்."

கொடுக்கும்போது வேதமணி ஒரு பக்கத்தில் காகிதத் துண்டு வைத்திருந்தார். அதற்கு வக்கீலிடம் உத்தரவு வாங்கவில்லை. முன்சீப் ஐயர் அந்த இடத்தில் பிரித்தார். படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். காது சிவந்தது. தினமும் இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டு மந்திரம் முணுமுணுத்துச் சாப்பிடுகிற மனுஷர் அவர். துரை அதையும் யாரையோ கேட்டு எழுதியிருந்தார்.

முன்சீப் குரலைத் தாழ்த்தி, ஆண்டிச்சாமியைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்ப்பா, எங்க மனுஷாள் சாப்பிடறதுக்கு முன்னே இலையைச் சுத்திவந்து நாய் மாதிரி உறுமுவோமாம். நீ கேள்விப்பட்டிருக்கியா?"

ஆண்டிச்சாமி கையைக் கூப்பினான். "ஆமாங்க சாமி."

கோர்ட் சிரித்த சிரிப்பில் கூரைப் புறாக்கள் பறந்தன. முன்சீப் சிரிக்கவில்லை, சிரிக்காமலிருக்க அவர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். கோமதிநாயகம் மட்டும் எழுந்து, அந்த ஒரு வரியை மட்டும் தாம் நம்பவில்லை என்று பதிவு செய்துகொள்ளப் பிரார்த்தித்தார்.

பத்து நாளில் தீர்ப்பு வந்தது. ஒரு வழக்கம் உண்டா என்று அதன்படி வாழ்கிறவர்களை விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும், அவர்கள் பயமில்லாமல் இல்லை என்று சொல்லக்கூடிய இடத்தில் விசாரிக்க வேண்டும் என்று முன்சீப் எழுதியிருந்தார். நல்ல இங்கிலீஷ். வழக்கு தள்ளுபடி. கிணறும் நிலமும் வெள்ளத்தாய்க்கு.

வேதமணி தமிழில் சொல்லி முடிக்கக்கூட அவள் நிற்கவில்லை. "மத்ததைப் பொறவு கேட்டுக்கிடுதேன் அண்ணாச்சி. மாட்டை அவுத்துக் கட்டாம வந்துட்டேன்." வாசலில் ஆண்டிச்சாமி தலைகுனிந்து நின்றான். அவள் கடந்து போகிறபோது, "ஏலே, நாளைக்குக் கமலைக்கு ஒரு ஆள் வேணும். வாறியா?" என்றாள்.

அவன் வாயைத் திறந்தான். வழக்கமான வார்த்தைதான் வந்தது. இந்தத் தடவை அவன் நிஜமாகவே சொன்னதுபோல இருந்தது.

சாயங்கால ரயிலில் ராஜபாளையம் திரும்பும்போது, திருப்பதி ராஜா ஜன்னலோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"நம்ம கிராஸ் எக்ஸாமினேஷன் பிரமாதம், என்னய்யா?"

வேதமணிக்கு ஆமா தொண்டைவரை வந்தது. விழுங்கினார். "முதல் ரெண்டு கேள்வி சரியில்லைங்க சார்."

வக்கீல் முறைத்தார். வண்டி ஒரு பாலத்தைத் தடதடவென்று கடக்கிறவரைக்கும் முறைத்தார். பிறகு காலை மடக்கிக்கொண்டு எதிர்ப் பலகையில் இடம் காட்டினார்.

"இப்படி உக்காரு. ஏன் சரியில்லை? சொல்லு."