ராணியின் மீசை

அந்த வீட்டில் ராணி என்றாலே மீசை வைத்தவள்தான். பஸ் ஓட்டும் அம்மா வேலை முடிந்து வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் சோபாவில் சாய்ந்தால் போதும், ஏழு வயது மகள் ராணியும் மந்திரியும் வரும் அந்தப் படக்கதைப் புத்தகத்தோடு மடியில் ஏறிவிடுவாள். அம்மா சின்ன வயதில் படித்த புத்தகம். கடல் தாண்டி வரும்போது துணிமணியைக் குறைத்துக்கொண்டு அதைப் பெட்டியில் வைத்தாள்.

"நீயே படியேன்டி. எழுத்தெல்லாம்தான் தெரியுமே."

"நீ படி. நான் கேக்குறேன்."

இதைக் கேட்டுக் கேட்டு அம்மாவுக்குக் காது புளித்துவிட்டது. இந்தப் பெண் கடைசிவரை தமிழைத் தானாகப் படிக்கவே மாட்டாளோ என்ற கவலை அவளை அரித்தது.

ஒருநாள் வாஷிங் மெஷின் குழாய் பிடுங்கிக்கொண்டு வீடே குளமானது. கீழ்த்தட்டில் இருந்த புத்தகம் கூழாகிவிட்டது. மகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, வேறு தமிழ்ப் புத்தகம் எதுவும் வேண்டாம் என்றுவிட்டாள்.

கேட்பதும் போச்சே என்று அம்மா தன் தம்பியிடம் போனில் புலம்பினாள். அவன் ஊரில் பழைய புத்தகக் கடைகளைச் சல்லடை போட்டுச் சலித்து, அதே புத்தகத்தை அனுப்பிவைத்தான். பார்சலைப் பிரித்த மகள் புருவத்தைச் சுருக்கினாள்.

"இது யாரும்மா?"

"ராணிதான்."

"மீசை எங்க?"

அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பழைய புத்தகத்தில் மீசை வரைந்தது தம்பி, அரை டிக்கெட்டாக இருந்தபோது. அதற்காக அவன் முதுகில் இரண்டு வைத்தவளும் இவள்தான். அப்புறம் பழகிப்போய், 'ராணி மீசையை முறுக்கினாள்' என்று தானே சேர்த்துப் படித்துவந்திருக்கிறாள்.

"அது மாமா வரைஞ்சது. கதையில கிடையாது."

"நீதானே படிச்ச. எழுதித்தான் இருக்கும்."

சரியான வீம்புக்காரி. தரையில் குப்புறப் படுத்து, விரலை வைத்து, எழுத்தெழுத்தாகச் சத்தம் போட்டுப் படிக்க ஆரம்பித்தாள். தடுக்கிய இடத்தில் உதவ வாயெடுத்த அம்மா சட்டென்று மூடிக்கொண்டாள். மேசையில் சாப்பாடு ஆறிப்போனது.

கடைசிப் பக்கத்தில் மகள் நிமிர்ந்தாள்.

"எங்கயும் மீசை இல்ல. நீ சும்மா சொல்லியிருக்க."

"ஆமாடி, சும்மாதான் சொன்னேன்."

கையும் களவுமாகப் பிடிபடுவதில் இத்தனை சந்தோஷம் இருக்கும் என்று அம்மாவுக்கு அதுவரை தெரியாது.

மகள் பேனாவை எடுத்து ராணிக்கு மீசை போட்டாள். அதோடு விடவில்லை. படத்துக்குக் கீழே கோணல்மாணலாக எழுதினாள்: ராணி மீசையை முறுக்கினாள்.

அம்மா இன்னொரு பேனாவைத் தேடி எடுத்துக்கொண்டு, சீருடையோடு பக்கத்தில் குப்புறப் படுத்தாள்.

"மந்திரிக்குக் கொண்டை போடலாமா?"