தொட்டியில் கிடந்த பச்சைப் பொத்தான்

இதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, கண்ணுகளா. கேட்டுவிட்டு நீங்களும் கொஞ்சம் கோபப்படுங்கள்.

தையல்காரர் மனைவிக்குத் தக்காளிக்காரி என்றே பெயர். வீட்டுக்குப் பின்னால் குத்தகைக்கு ஒரு துண்டு நிலம். இரண்டு போகமாகச் செடி காய் பிடிக்கும் முன்பே மஞ்சளித்து, துவண்டு, உட்கார்ந்துவிட்டது. இந்தப் போகமும் போனால் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று பேசி வைத்திருந்தார்கள். அதனால்தான் விவசாய அலுவலகத்தில் சோதிக்கச் சொல்லி மண் கொடுத்தாள். அவர்கள் சொன்னபடியே அங்கங்கே தோண்டி, கலந்து, நிழலில் உலர்த்தி, பிள்ளைக்குச் சோறு கட்டுவதுபோல் துணிப்பையில் கட்டிக் கொடுத்தாள்.

இரண்டு மாதம் இழுத்தடித்து, ஒருநாள் காலையில் வரச் சொன்னார்கள். வீட்டில் நாற்று தயார். தையல்காரர் பாத்தியை நனைத்துவிட்டு அவள் போனுக்குக் காத்திருந்தார்.

அதிகாரி தலை நிமிரவில்லை. "உங்க மண்ணு நல்லா இருக்கும்மா. தாராளமா நடுங்க."

"அப்புறம் செடி ஏன் சார் வாடுது?"

"தண்ணி பத்தலையா இருக்கும். அடுத்த ஆளு!"

அடுத்து நின்ற பெரியவருக்கும் மண் நல்லா இருந்தது. அவருக்கு அடுத்தவருக்கும் நல்லா இருந்தது.

"எல்லார் மண்ணும் ஒரு வயித்துல பொறந்தது போலிருக்கு," என்றார் பெரியவர்.

வாசலில், வீட்டுத் தோட்டத்துக்கு மாதிரி என்று தொட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். மிளகாய், கத்தரி, நடுவில் ஒரு தக்காளி. தக்காளி மஞ்சளித்துத் துவண்டிருந்தது. அந்த வாட்டம் அவளுக்குப் பழகியது. குனிந்தாள். மண்ணில் உடைந்த பச்சைப் பொத்தான் ஒன்று, பக்கத்தில் ஊதா நூல். தையல்கடைக் குப்பையெல்லாம் அவள் உரக்குழிக்குத்தான் போகும். பொத்தான் முளைக்கிற நிலம் ஊரில் அது ஒன்றுதான்.

செடியை வேரோடு பிடுங்கினாள்.

"ஐயோ, என் செடிம்மா அது!"

அன்றைக்கு அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்தது அதற்குத்தான். ஓடி வந்து செடியை வாங்கினார். வேரெல்லாம் முண்டு முண்டாக வீங்கியிருந்தது.

"அடடா, வேர்முடிச்சு! நூற்புழு வேலை. கண்ணுக்கே தெரியாது, மண்ணுலயே இருக்கும். இந்த மண்ணுல இப்போதைக்குத் தக்காளியே வைக்கக் கூடாது. செண்டுமல்லி போட்டாத்தான் அடங்கும். யார் வீட்டு மண்ணோ!"

"என் மண்ணு சார்."

அவர் செடியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"பாத்ததும் தெரியுதே உங்களுக்கு! தெரியாதவரா இருந்தா என் தலையெழுத்துன்னு போயிருப்பேன். உங்க செடின்னா ஓடி வர்றீங்க. என் தோட்டமே செத்தப்போ தண்ணி பத்தலையா?"

"மிஷின் ரிப்பேரும்மா. மண்ணு மூட்டையா சேந்துபோச்சு. பெருக்குறவங்க தொட்டியில கொட்டிட்டாங்க."

"ரிப்பேர்னு சொல்ல வேண்டியதுதானே? நல்லா இருக்குன்னு ஏன் சொன்னீங்க?" பொத்தானை எடுத்து அவர் கையில் வைத்தாள். "இந்தாங்க, இதையும் பாத்துச் சொல்லுங்க. இதுவும் நல்லாத்தானே இருக்கு?"

வரிசை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, போன் போட்டாள்.

"நட்டாச்சா?"

"ஒரு பாத்தி முடிஞ்சுது. நீ கூப்பிடக் காணோம், என் கை சும்மா இருக்குமா?"

"பிடுங்குங்க."

"என்னடி, பைத்தியமா?"

"பிடுங்குங்கன்னா பிடுங்குங்க. மண்ணுல நோய் இருக்கு. நடாத நாத்தை அக்கம்பக்கம் குடுத்துடுங்க."

"அப்போ நிலத்தைத் திருப்பிக் குடுத்துடலாமா?"

அவள் அதிகாரியைப் பார்த்தாள். "வேணாம். செண்டுமல்லி போடுவோம். சார் என்கூட வர்றாரு."

"நாளைக்கு வர்றேம்மா, இன்னைக்கு ஆளுங்க நிக்கறாங்க."

"நிக்கட்டுமா சார், நல்லா இருக்குன்னு கேட்டுட்டுப் போக?"

அதற்குள் பெரியவர் மிளகாய்த் தொட்டிக்குள் கையை விட்டு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். "என் மண்ணுல சிப்பி கிடக்கும், தேடுங்கப்பா." வரிசை கலைந்து தொட்டிகளைச் சூழ்ந்துகொண்டது.

அதிகாரி பொத்தானைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடினார்.