கரகம் இறங்கும்வரை

"ஆட்டாம தூக்குங்கடா! நான் என்ன தம்புள்ளைச் சந்தைக்குப் போற கோவா மூட்டையா?"

சிவலிங்கம் கத்திய கத்தலில், கதிரையோடு அவரைத் தூக்கிக்கொண்டு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுப் படியிறங்கிய நாலு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கதிரை ஒரு பக்கம் சாய்ந்தது. முன்னால் ஓடிக்கொண்டிருந்த துஷாரா திரும்பி, "ஐயையோ மாமா, வாயை மூடிக்கிட்டு வாங்க! இவங்க சிரிச்சே போட்டுருவாங்க!" என்று கத்தினாள். அவள் ஒரு கையில் அவருடைய துவாய், மறு கையில் செருப்பு. நடக்கவே முடியாத மனிதருக்குச் செருப்பு எதற்கு என்று கேட்டால், வரும்போது நடந்துதான் வருவேன் என்கிறார். அவரோடு பேசி ஜெயிக்க அந்தத் தோட்டத்தில் ஆளில்லை.

அன்றைக்குத் தேர். விடிந்ததிலிருந்து கோயில் ஒலிபெருக்கி அம்மன் பாட்டாகப் போட்டு மலையை அதிர வைத்துக்கொண்டிருந்தது. லயத்துக்கு லயம் வேப்பிலைத் தோரணம். பிள்ளைகள் புதுச் சட்டையோடு குறுக்கும் மறுக்கும் ஓடினார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மாமாவுக்கு இருதய வருத்தம். கால் இரண்டும் வீங்கி, இரண்டு நாளாக மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் கோயில் தலைவர் அழகுமுத்து வந்து, கூரையைப் பார்த்தபடி பிளேன்ரீ குடித்துவிட்டு, "டவுன் ஆஸ்பத்திரியில வச்சுப் பாத்தா நல்லதுதானே, சிவலிங்கண்ணே?" என்று இழுத்தார்.

"சுத்தி வளைக்காத அழகு. நான் இங்க போய்ட்டா தேர் நிக்கும். அதானே சொல்ல வந்த?" என்றார் மாமா.

அழகுமுத்துவுக்கு முகம் செத்துப்போயிற்று. ஆனால் விஷயம் அதுதான். காப்புக் கட்டிய பிறகு தோட்டத்து எல்லைக்குள் ஒரு சாவு விழுந்தால் கோயில் கதவைச் சாத்திவிடுவார்கள். தேர் கொட்டகையைவிட்டு வெளியே வராது. நேர்த்தி வைத்தவர்கள் எல்லாரும் காப்பை அவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். எல்லைக்கு வெளியே என்றால் அம்மனுக்குக் குற்றமில்லை.

"நானே போறேன்யா. என் மக கரகம் எடுக்குற நேரம் நானே குறுக்க படுத்துக்குவேனா?" என்று மாமா சொல்லிவிட்டார்.

மாமாவின் ஒரே மகள் சிவநந்தினி, அப்பாவுக்குச் சுகம் வரவேண்டும் என்று பூங்கரகம் எடுப்பதாக நேர்ந்திருந்தாள். அதற்காக நாவுலைப் பக்கத்துக் கார்மெண்டில் லீவு போட்டுவிட்டு வந்து, ஒரு நேரச் சாப்பாட்டில் விரதம் இருந்தாள். காப்புக் கட்டியவர்கள் எல்லை தாண்டக்கூடாது. அதனால் அப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போக அவளால் முடியாது. மாமாவின் பெண்சாதி நல்லம்மா அத்தைதான் கூடப் போனாள். கோயில் மேட்டிலிருந்து நந்தினி இரண்டு கையையும் ஆட்டினாள். "போய்ட்டு சீக்கிரம் வந்துருங்கப்பா!" என்று அவள் கத்தியது பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

துஷாரா கையிலும் காப்பு. அவள் மாத்தளை டவுன்காரி. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு, ரிசல்ட் வரும்வரை வீட்டில் சும்மா கிடந்து அப்பாவிடம் ஏச்சு வாங்குவதைவிட அத்தை வீட்டில் சும்மா கிடக்கலாம் என்று, ஒரு கிழமைக்கு வேண்டிய உடுப்போடு வந்தவள். வந்து எத்தனையோ கிழமை ஆகிவிட்டது. பகலில் அத்தை கொழுந்து பறிக்கப் போய்விட்டால் அந்த வீட்டில் வேலையற்ற ஆட்கள் இரண்டே பேர்: நோயாளி மாமாவும் இவளும். ரம்புட்டான் தின்று கொட்டையை யார் தூரத்துக்குத் துப்புவது என்று போட்டி. கரம்போர்ட் விளையாட்டில் மாமா கூசாமல் கள்ளாட்டம் ஆடுவார். மரக்கறி லொறி ஓட்டிய காலத்துக் கதைகளை எடுத்துவிடுவார். அதில் பாதி புளுகு என்று இருவருக்குமே தெரியும். இப்படி ஒரு லீவு அவளுக்கு அதுவரை வாய்த்ததில்லை. கடைசியில் கும்மிக்கு ஆள் தேவை என்றார்கள். அவளும் காப்புக் கட்டிக்கொண்டாள்.

பாலத்தடியில் தோரணம் கட்டியிருந்தது. அங்கேதான் எல்லை. காத்திருந்த வேனுக்குள் ஏற்றியதும் மாமா அவளை விரலால் கூப்பிட்டார். மூச்சு வாங்கியது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"டவுன்காரி, கும்மியில மானத்த வாங்கிறாத. நாளைக்கு நாலு பேருகிட்ட கேப்பேன்."

"கேளுங்க, கேளுங்க. நான் ஆடுறதப் பாத்துட்டு ஊரே வாயப் பொளக்கப்போகுது!"

அவர் சிரித்தார். அத்தை செருப்பை வாங்கி வேனுக்குள் வைத்தாள். வேன் போனது. துஷாரா தோரணத்துக்கு இந்தப் பக்கம் ஒரு நிமிஷம் நின்றாள். மேலே தப்பு மேளச் சத்தம் தொடங்கிவிட்டது. அவ்வளவுதான், பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறி ஓடினாள்.

அப்பப்பா, அது என்ன கூட்டம்! கொழும்புக்கு வேலைக்குப் போனதுகள், கல்யாணம் முடித்துப் போனதுகள், யட்டவத்தையிலிருந்து வந்த சம்பந்திமார் என்று தோட்டமே பிதுங்கியது. அம்மன் தேரில் ஏறியதும் வெடி போட்டார்கள். நந்தினி மஞ்சள் சேலையில், தலையில் பூங்கரகத்தோடு கோயில் வாசலில் வந்து நின்றாள். கரகத்தில் கை வைக்கவில்லை. தப்பு அடிக்க அடிக்க, அவள் இடுப்பும் தோளும் ஆடினவே தவிர கரகம் அசையவில்லை. இவளா கார்மெண்டில் குனிந்தபடி பொத்தான் தைக்கிறவள் என்று துஷாராவுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

தோட்டத்து மேற்பிரிவான மேற்கணக்கு லயங்களைச் சுற்றி முடித்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்தடியில் தேரை நிறுத்திச் சர்பத் கொடுத்தார்கள். துஷாரா மடக்மடக்கென்று இரண்டு கோப்பை குடித்தாள். அப்போதுதான் இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. டவுனிலிருந்து அவளுடைய அப்பா.

மடுவத்துக்குப் பின்னால் ஓடி, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "சொல்லுங்கப்பா, சத்தமா சொல்லுங்க!" என்றாள்.

"துஷா... மாமா போய்ட்டாரும்மா."

மறைக்க என்ன இருக்கிறது? முதலில் அவளுக்கு அழுகை வரவில்லை. 'ஐயோ, தேர் நின்றுவிடுமே' என்பதுதான் வந்தது. அதற்குப் பிறகுதான் மாமா வந்தார். அப்படி முதலில் வந்ததை நினைத்து அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. மடுவத்துச் சுவரில் சாய்ந்தாள்.

போனில் இப்போது அத்தை. அழுது முடித்த குரல்.

"நல்லாக் கேளுடி. அழாத. அழுதா மூஞ்சி காட்டிக் குடுத்துரும். வெளியில வச்சுத்தானே போனாரு, தேருக்கு ஒண்ணும் இல்ல. ஆனா நந்தினி பெத்த புள்ள. அவ காதுல விழுந்துட்டா அவளுக்குத் தீட்டு, கரகத்த அந்த எடத்துலயே எறக்கிருவாங்க. காதுல விழுந்தாத்தான் தீட்டு. விழாம பாத்துக்க."

"அத்தை, அவ மாமாவுக்கு நல்லாகணும்னுதானே தூக்கிக்கிட்டுப் போறா? தெரிஞ்சுக்கிட்டே நான் எப்பிடி..."

அத்தை மூக்கைச் சிந்தினாள்.

"பாதியில எறக்கினான்னா, நான் எறக்கினதாலதான் அப்பா போய்ட்டாருன்னு ஆயுசு பூரா சொல்லிக்கிட்டுத் திரிவா. அவள எனக்குத் தெரியும். முழுசா முடிச்சு எறக்கட்டும். எறக்கிட்டு அழட்டும். நீ பங்காளி இல்ல, உனக்குத் தீட்டு ஒட்டாது. அம்மன் உள்ள போய்க் கதவு சாத்துறவரைக்கும் நாங்க பாலத்துக்கு அந்தப் பக்கமே நிக்கிறோம்."

துஷாரா முகத்தைத் துவாயால் அழுத்தித் துடைத்தாள். அது மாமாவின் துவாய். செருப்பைக் கொடுத்தவள் இதைக் கொடுக்க மறந்திருந்தாள்.

திரும்பி வந்தால், பள்ளத்துப் பணிய லயத்து ரமேஸ் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பேஸ்புக்கில் லைவ் போய்க்கொண்டிருந்தான். கட்டார், துபாய் என்று வெளியே இருக்கிறவர்கள் எழுதுவதை உரக்க வாசிப்பது அவனுக்குப் பெருமை. நந்தினிக்கு மூன்றடி தள்ளித்தான் நின்றான்.

"ஓமான்ல இருந்து மல்லிகாக்கா ஹாய் சொல்றாங்க! டுபாய்ல இருந்து... ஏய், இது என்ன? 'சிவலிங்கம் மாமாவுக்கு'ன்னு யாரோ என்னமோ..."

துஷாரா பாய்ந்தாள். போனைப் பிடுங்கினாள். பக்கத்தில் கரகத்துக்கு ஊற்ற வைத்திருந்த மஞ்சள் தண்ணீர் அண்டாவுக்குள் அது 'டுபுக்' என்று போய் விழுந்தது.

"அடியே! பைத்தியமாடி உனக்கு? என் போனுடீ!"

"கை தவறிருச்சு! கை தவறிருச்சு ரமேஸ்!"

அவன் முழங்கை வரை விட்டுத் துழாவியதைப் பார்த்துக் கூட்டமே சிரித்தது. நந்தினியும் கரகம் அசையாமல் சிரித்தாள். "டவுன்காரி அம்மனுக்கு போன் நேந்திருக்கா போல!" என்றாள். துஷாராவும் சிரித்தாள். சிரிக்காமல் வேறென்ன செய்ய?

அதற்குப் பிறகு தப்பு சூடேறியது. கும்மிக்காரிகள் வட்டம் போட்டார்கள். துஷாரா நந்தினிக்கு நேர் எதிரே இடம் பிடித்தாள், கண்ணை எடுக்காமல் காவல் காக்கலாம் என்று. முதல் சுற்றில் கை தட்டும்போதெல்லாம் 'மாமா இல்லை, மாமா இல்லை' என்றே மனதுக்குள் ஓடியது. இரண்டாவது சுற்றில் தாளம் பிடித்துக்கொண்டது. தப்பு ஏற, உடுக்கு ஏற, பொம்பளைகள் குலவை போட, வேர்வை கண்ணுக்குள் வழிய, அவள் குனிந்து நிமிர்ந்து சுழன்று ஆடினாள். "அப்பிடிப் போடு!" என்று யாரோ கத்தினார்கள். நாளைக்கு மாமாவிடம் இதைச் சொல்லவேண்டும், நாலு பேரிடம் அல்ல, நாற்பது பேரிடம் கேட்கச் சொல்லவேண்டும் என்று சந்தோஷமாக நினைத்தாள்.

நினைத்த மாத்திரத்தில் ஞாபகம் வந்தது. முழுதாக மறந்தே போயிருந்தாள்! செத்துப்போன மனிதரை, காலையில் யாருடைய செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாளோ அவரை. அவளுக்கு ஓவென்று கத்தவேண்டும்போல் இருந்தது. ஆனாலும் கால் நிற்கவில்லை.

தேர் அத்தை வீட்டு வாசலுக்கு வந்தது. கதவு பூட்டியிருந்தாலும், பக்கத்து வீட்டுப் பாலாமணி அக்கா வாசல் தெளித்துக் கோலம் போட்டு நிறைகுடம் வைத்திருந்தாள். அர்ச்சனைத் தட்டைத் துஷாராவின் கையில் கொடுத்து, "இந்த வீட்டு ஆளு இப்ப நீதானே, நீயே குடு" என்றாள்.

பூசாரி தேங்காயை வாங்கிக்கொண்டு, "யாரு பேருக்கு?" என்றார்.

துஷாரா தட்டிலிருந்த பூவை நேராக்கினாள்.

"அப்பா பேருக்கு!" நந்தினியின் குரல் பக்கத்திலிருந்து வந்தது. கரகத்துக்குக் கீழே அவள் கண்கள் சிவந்து பளபளத்தன. "சிவலிங்கம்! திருவாதிரை நட்சத்திரம், மிதுன ராசி! சத்தமா சொல்லுங்க பூசாரி, அம்மனுக்குக் கேக்கட்டும்!"

பூசாரி சத்தமாகத்தான் சொன்னார். சிவலிங்கத்துக்கு நீண்ட ஆயுள் கேட்டார். நோயற்ற வாழ்வு கேட்டார். தட்டில் கற்பூரம் ஆடியது. தாயே, இதைக் கேட்காதே, உன் காதில் விழவேண்டாம் என்று துஷாரா உள்ளுக்குள் கெஞ்சினாள். அடுத்த நொடியே, இல்லை, கேள், இவள் கேட்பதை ஒருமுறையாவது கேள் என்று மாற்றிக்கொண்டாள். விபூதியை அவள் உள்ளங்கையில் வைத்து, "மாமாவுக்குப் பூசி விடும்மா" என்றார் பூசாரி. குலவை எழுந்தது. தேர் நகர்ந்தது.

கோயிலுக்குத் திரும்பும்போது வெயில் தணிந்திருந்தது. அம்மன் உள்ளே போனாள். நந்தினி மூன்று சுற்றுச் சுற்றி, ஒரு பூ உதிராமல் கரகத்தை இறக்கினாள். கூட்டம் ஆர்ப்பரித்தது. அழகுமுத்து யாரோடோ போனில் பேசிவிட்டு, துண்டைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பில் கட்டினார். துஷாராவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பூசாரியின் காதில் என்னவோ சொன்னார். பூசாரி அவசரம் அவசரமாக நந்தினியின் காப்பை அவிழ்த்தார். உள்ளே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

கரகம் இறக்கியவளின் உடம்பு குளிரக் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றவேண்டும். நந்தினி மேட்டு ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தாள். துஷாரா முதல் குடத்தை ஊற்றினாள்.

"மனசுல ஒரு பாரமும் இல்லடி. அப்பா எழும்பிருவாரு, நீ வேணும்னா பாரு. எனக்குத் தெரியுது," என்றாள் நந்தினி. முகமெல்லாம் சிரிப்பு. "இன்னும் ஊத்து!"

அவள் முதுகுக்குப் பின்னால், கீழே பாலத்தடியில், தோரணத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் நின்றார்கள். வேன் மெதுவாக உள்ளே வந்தது. அதற்கு முன்னால் துஷாராவின் அப்பா தலை குனிந்து நடந்துவந்தார்.

"ஊத்துடி! ஏன் நிக்கிற?"

துஷாரா ஊற்றினாள். நந்தினி கூச்சலிட்டுச் சிரித்து, முகத்தில் வழிந்த தண்ணீரை வழித்துவிட்டு, கண்ணைத் திறக்கப் போனாள். துஷாரா அடுத்த குடத்தைத் தூக்கினாள்.