அண்ணி சொன்ன கரெக்ட்

“தண்ணி கொதிச்சா எதுகிட்டேருந்து எது பிரியுது? சொல்லு பாப்போம்.”

அண்ணன் பழமலைநாதன் என்னிடம் இப்படிக் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அவன் கையில் அண்ணியின் காலேஜ் புத்தகம் இருந்தது. விலங்கியல் படிக்கிறவர்களுக்கும் முதல் பாடம் அணுவும் தண்ணீரும்தான் என்பது அண்ணி வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். நான் பட்டறையில் உட்கார்ந்து, அச்சிலிருந்து எடுத்த கொலுச் செட்டியார் பொம்மைகளின் விளிம்பை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தேன். சிரித்துக்கொண்டே கேட்டாலும் அது விளையாட்டு இல்லை. சரியாகச் சொன்னால் பத்தாவது பரீட்சை எழுத என்னை டுடோரியலில் சேர்த்துவிடுவதாகச் சற்றுமுன்தான் ஒப்புக்கொண்டிருந்தான். ஒப்புக்கொள்ள வைத்தவள் அண்ணி.

“உங்க தங்கச்சிக்கு எல்லாம் தெரியுங்க. நான் படிக்கறப்பல்லாம் கேட்டுக்கிட்டேதான் இருக்குது” என்று சொல்லியிருந்தாள்.

“இவளா? வூட்டுக்கு ஆளு வந்தாலே கதவுக்குப் பின்னால போயி நின்னுக்குவா. வாத்தியாரு பேரு கேட்டதுக்கு அழுதவ இவ.”

“வாயில மண்கூழ ஊத்தி வச்சிருக்குது, எங்கேருந்து பேசும்?” என்றாள் அம்மா.

அம்மா சொன்னது பொய்யில்லை. ஒன்பதாவதில் அறிவியல் டீச்சர் என்னை எழுப்பி நிறுத்துவார். பதில் எனக்குத் தெரியும். எல்லாரும் திரும்பிப் பார்த்ததும் தொண்டை அடைத்துக்கொள்ளும். தெரியாமல் நிற்கிறவர்களைவிடத் தெரிந்து நிற்கிறவளுக்குத்தான் கால் அதிகம் வலிக்கும். ஒரு திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடப் பையை எடுக்கவில்லை. அதை எடுத்து யாரும் என் கையில் கொடுக்கவும் இல்லை. அம்மா ஸ்பாஞ்சைக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

அண்ணி பூர்ணிமா போன தை மாதம் பெண்ணாடத்திலிருந்து வந்தாள். என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவள். கல்யாணத்துக்குப் பிறகும் படிக்கவைக்க வேண்டும் என்று அவள் அப்பா கேட்டார். அண்ணன் உடனே தலையாட்டினான். அவளுக்குப் புதுக் குடை வந்தது. மழை பெய்தால் டிவிஎஸ்ஸில் கொண்டுபோய் விட்டான். ‘படிக்கிற பொண்ணு’ என்று சொல்லி அம்மா அவளைப் பாத்திரம் தொட விடவில்லை. அவள் புத்தகத்தைத் திறந்தால் அம்மா டிவி சத்தத்தைக் குறைத்தாள். எனக்காக அந்த வீட்டில் ஒருநாளும் டிவி சத்தம் குறைந்ததில்லை. அண்ணி டீ குடித்த டம்ளரை நான் கடைசியில்தான் கழுவுவேன். சில நாள் கழுவாமலே கவிழ்த்துவைப்பேன்.

வீடு ஒரே அறை என்பதால் அவள் பட்டறையில் வந்து உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாள். என் கை பொம்மையில் இருக்கும், காது அவளிடம் இருக்கும். “ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் எலக்ட்ரான பொதுவுல வச்சிக்கிறாங்க கொளஞ்சி. ஆனா ஆக்சிஜன் இருக்குதே, பேராச புடிச்சது. தன் பக்கமே இழுத்துக்கும்” என்று எனக்கு விளக்குவாள். அண்ணனும் அப்படித்தான் எனக்கும் அம்மாவுக்கும் பொதுவாக இருந்தான். இப்போது ஒரு பக்கமாக இழுபட்டுக் கிடக்கிறான் என்று நான் நினைத்துக்கொள்வேன். அவள் சிரிப்பில் கெட்டது எதுவும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

“என்னா, தூங்கிட்டியா?” என்றான் அண்ணன்.

“ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் தனித்தனியா பிரிஞ்சி போயிடும்” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

எனக்கு அதில் சந்தேகமே இல்லை. காய்ந்த பொம்மையைத் தண்ணீரில் போட்டால் கரைந்து திரும்பவும் கூழாகிவிடும். சூளையில் வெந்த பொம்மையை வருஷக்கணக்கில் ஊறப்போட்டாலும் கரையாது. தீ பட்டதும் தண்ணீர் உடைந்து, இனித் திரும்பவே முடியாதபடி போய்விடுகிறது என்றுதான் நான் மனதில் வைத்திருந்தேன்.

அது பாடத்தின் கடைசியில் இருந்த கேள்வி. பதில் அந்தப் பக்கத்தில் இல்லை. அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி என்னைப் பார்த்தாள். பிறகு, “கரெக்ட்டுங்க” என்றாள்.

“அட, கழுத!” என்று அண்ணன் புத்தகத்தால் என் தலையில் தட்டினான். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அன்று முழுக்க அண்ணி மேல் எனக்குப் பொறாமை இல்லை. டம்ளரை முதலில் கழுவினேன்.

மறுநாள் சோறு வெந்துகொண்டிருந்தபோது மூடியைத் தூக்கினேன். அதன் உள்பக்கமெல்லாம் முத்துமுத்தாகத் தண்ணீர். தினமும் பார்க்கிறதுதான். அன்றைக்கு மட்டும் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். உடைந்துபோன தண்ணீர் எப்படி மூடியில் மறுபடி தண்ணீராக வந்து உட்காரும்? அண்ணி காலேஜுக்குப் போயிருந்தாள். அலமாரியில் இருந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். கொதிக்கும்போது மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிடித்துவைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புதான் அறுகிறது. மூலக்கூறு உடைவதில்லை என்று போட்டிருந்தது. அந்த வரியின் கீழ் பென்சிலால் அழுத்தமாகக் கோடு. அண்ணி போட்ட கோடு.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்காக ஒருத்தி பொய் சொல்லியிருக்கிறாள். ஆனால் எனக்கு வயிறு எரிந்தது. அண்ணிக்கு எல்லாம் இருந்தது. எனக்கென்று ஒரே ஒரு பதில் இருந்தது. அதுவும் அவள் பார்த்துப் போட்டதாகிவிட்டது. நான் டுடோரியலுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் அவள் இரக்கத்தில்தான் போவேன்.

சேரவேண்டிய நாள் வந்தது. அண்ணன் வாசலில் டிவிஎஸ்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். அம்மா எனக்குத் தலை வாரினாள். கல்யாணத்துக்கு முன்னால் தான் போட்டிருந்த பச்சைச் சுடிதாரை அண்ணி தேய்த்து எடுத்துவந்தாள்.

“இது ஒனக்கு நல்லா இருக்கும். பயப்படாத, என்னா? தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. கடிச்சா திங்கப்போறாங்க?”

நான் சுடிதாரை வாங்கவில்லை.

“அண்ணே, அன்னிக்கி நான் சொன்னது தப்பு.”

“எது?”

“தண்ணி கொதிச்சா ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரியாது. ஆவியானாலும் அது தண்ணிதான்.”

அண்ணன் சிரித்தான். “அதனால என்னா? வா, நேரமாவுது.”

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். வண்டியில் ஏறியிருக்கலாம்.

“அண்ணிக்குத் தெரியும். புத்தகத்துல கோடு போட்டு வச்சிருக்குது.”

அண்ணனின் கைத்துணி நின்றது. அண்ணி பக்கம் திரும்பினான். “தெரிஞ்சேதான் கரெக்ட்டுன்னியா? என் மூஞ்சப் பாத்துக்கிட்டே?”

அண்ணி கையிலிருந்த சுடிதாரின் மடிப்பை நீவிவிட்டாள்.

“இன்னும் எதெதுக்குல்லாம் இப்டி கரெக்ட்டுன்னு சொல்லிக்கிட்டிருக்க?”

அம்மாவின் கையில் சீப்பு அப்படியே இருந்தது. அண்ணி எனக்காகத்தான் அப்படிச் சொன்னது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது எனக்குத் தெரியும். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தொண்டை அடைத்துக்கொண்டது.

அண்ணி என்னைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. எங்கோ பார்த்த முகம், யாரென்று ஞாபகம் வரவில்லை என்பதுபோலப் பார்த்தாள். சுடிதாரை மடிப்புக் கலையாமல் திண்டின் மேல் வைத்தாள். காலேஜ் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். முற்றம் நிறைய பலகைகளில் இன்னும் சூளைக்குப் போகாத பச்சைப் பொம்மைகள் காய்ந்துகொண்டிருந்தன. நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகத்தான் இடம். முந்தானையை வாரி மார்போடு பிடித்துக்கொண்டு, ஒரு பொம்மைமேலும் துணி படாமல், நிதானமாகத் தெருவுக்கு இறங்கிப் போனாள்.