மஞ்சள் பால்

கேகாலை ஆஸ்பத்திரியிலிருந்து பிறந்த பிள்ளையோடு ரப்பர் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டுக்கு வந்த அன்று மாலையே சசிரேகாவிடம் மாமியார் சிவகாமி ஒரு தேங்காய்ச் சிரட்டையை நீட்டினாள்.

"மொதல்ல சொரக்குற மஞ்சப் பாலு புள்ளைக்கு ஆகாது. இதுல பீச்சிடு. வெள்ளப் பாலு வர்ற வரைக்கும் சீனித்தண்ணி போதும்."

"மிட்வைஃப் மிஸ்ஸி அதத்தான் குடுக்கச் சொன்னாங்க அத்தை."

"மிஸ்ஸியா ஒம்புருசன வளத்தா?"

வீட்டுக்கு வந்து பார்ப்பதாகச் சொன்ன அந்த மருத்துவிச்சியும் வரவில்லை. அவர்கள் வந்து சேர்ந்த பிறகு மழையில் மண் சரிந்து பாதை மூடிக்கிடந்தது. தலைப்பிள்ளை என்பதால் சசிரேகாவுக்கு எதிர்த்துப் பேசத் துணிவில்லை, பீச்சிக் கொடுத்தாள். சிவகாமி அதை லயத்துக்குப் பின்னால் ஒரு ரப்பர் மரத்தடியில் ஊற்றினாள். அப்படி ஊற்றினால் தாய்க்குப் பால் பெருகும் என்பது அங்கே வழக்கம்.

மறுநாள் பிள்ளை அழவேயில்லை. பார்க்க வந்தவர்கள் மெச்சினார்கள்.

"தங்கமான புள்ள. இருக்கிற எடமே தெரியல."

"எங்க வம்சம் அப்படி," என்றாள் சிவகாமி.

பிள்ளையின் இடுப்பில் காலையில் கட்டிய துணி மாலையிலும் நனையாமல் காய்ந்தே இருப்பதைச் சசிரேகா கண்டாள். கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளையை மார்போடு அணைத்தாள். மஞ்சள் துளி ஒன்று உதட்டில் விழுந்து வழிந்தது. பிள்ளை வாயைத் திறக்கவில்லை.

சேலையால் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"மழையில எங்கடி போற?"

"ஆஸ்பத்திரிக்கு."

"தூங்குற புள்ளைய எழுப்பிராத."

"எழுப்பிப் பாத்துட்டேன் அத்தை," என்று சொல்லி, சரிந்த பாதையை நோக்கி நடந்தாள்.