குடைக்கும் நாற்காலிக்கும் ஒரே குரல்

"கொடியை எடுங்கண்ணே" என்றாள் மகள். அப்பாவின் நெஞ்சில் பாதி விரிந்திருந்த குடைச் சின்னக் கொடியை அவளே சுருட்டிக் கவுன்சிலரின் கையில் திணித்தாள்.

கவுன்சிலருக்கு முகம் தொங்கிவிட்டது. படம் எடுப்பதற்காக வாசலில் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்த அவருடைய ஆள், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தான்.

"என்னம்மா இப்படிப் பண்றே? அவர் எங்க ஆளு. போன தடவை நாங்க ஜெயிச்சதே அவர் குரல்லதான்."

"காலையில உங்க ஆளு. சாயங்காலம் நாற்காலி ஆளு. வண்டி ஓட்டினது நான்தானே, எனக்குத் தெரியாதா?"

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா, அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக மறுபடி அழுதாள்.

அந்தத் தொகுதியில் தேர்தல் என்ற ஒன்று தொடங்கிய நாளிலிருந்து குடையும் நாற்காலியும்தான் மாறி மாறி ஜெயித்தன. மூன்றாவது ஆள் எவனும் எட்டிப் பார்த்ததில்லை. கடைவீதி குடைக்குப் போடும். மில் குடியிருப்பு கண்ணை மூடிக்கொண்டு நாற்காலிக்குப் போடும். பிறகு மில்லை மூடினார்கள், அந்த இடத்தில் அடுக்குமாடிகள் வந்தன, அங்கே யார் யாருக்குப் போடுகிறார்கள் என்பது கடவுளுக்கே வெளிச்சம். தொகுதியின் எல்லையை இரண்டு முறை வெட்டி ஒட்டினார்கள். வேட்பாளர்களின் மகன்கள் வேட்பாளர்கள் ஆனார்கள். இத்தனைக்கும் நடுவே மாறாமல் இருந்தது பிரசார வண்டியின் குழாயிலிருந்து வந்த அப்பாவின் குரல் ஒன்றுதான்.

இரண்டு கட்சிக்கும் அவர்தான் அறிவிப்பாளர். காலையில் ஒரு கட்சி, மாலையில் இன்னொரு கட்சி. மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வரும்போது வண்டியில் பதாகையை மாற்றிக் கட்டுவார்கள். அந்தக் குரல் வராத தெருவில் தேர்தலே வரவில்லை என்று ஜனங்கள் நினைத்ததால், இரண்டு கட்சிக்காரர்களும் வாயை மூடிக்கொண்டு இதை ஏற்றுக்கொண்டார்கள். 'ரெண்டு பக்கமும் கத்துறியே, உன் ஓட்டு யாருக்குய்யா?' என்று யாராவது கேட்டால், "வாயைத்தான் வாடகைக்கு விட்டேன், ஓட்டை விடல" என்பார்.

லைசென்ஸ் வாங்கிய நாள் முதல் மகள்தான் அவருக்கு ஓட்டுநர். அப்பா பக்கத்து இருக்கையில் மைக்கோடு உட்காருவார். தெருமுனையில் ஆள் கூடியதும் அவள் ஹார்னை ஒரு முறை அழுத்தினால் 'பேசு' என்று அர்த்தம். இரண்டு முறை அழுத்தினால் 'ஏதோ தப்பு, மாத்து'.

இந்த இடைத்தேர்தலுக்குத் தொண்டை அவரைக் கைவிட்டுவிட்டது. போன மாதமே, இருந்த குரலை எல்லாம் திரட்டி, இரண்டு கட்சிக்கும் பதிவு செய்து கொடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். "நான் போனா ரெண்டு பேரும் கொடியைத் தூக்கிட்டு வருவானுங்க. என் மேல போட விட்டே, எழுந்து உட்கார்ந்துடுவேன், பார்த்துக்கோ" என்று அங்கே கட்டிலில் படுத்தபடி மகளிடம் சொன்னார். விடமாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தாள். பிரசாரத்தின் கடைசி நாளாகப் பார்த்து இன்று காலை அவர் போய்விட்டார். வெளியே தெருத் தெருவாக அவர் இன்னும் ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். வண்டி பக்கத்தில் வரும்போதெல்லாம் அம்மா வாசலை நிமிர்ந்து பார்த்தாள்.

"சரி, கொடி வேணாம். நாலு மணிக்கு எடுத்துடலாம். ஊர்வலம் எங்க பொறுப்பு. வண்டி, மேளம், ஆளு, எல்லாம் நாங்க பார்த்துக்கறோம்" என்றார் கவுன்சிலர்.

"வேணாம்ணே. அஞ்சு அடிச்சப்புறம்தான் எடுக்கிறோம்."

"அஞ்சுக்கு மேல பிரசாரம் முடிஞ்சிடுமே!"

"அதுக்குத்தான். அதுக்கப்புறம் யாராவது கொடி பிடிச்சீங்க, மைக் போட்டீங்கன்னா, தேர்தல் அதிகாரிக்கு நானே போன் போடுவேன். சட்டம் எனக்கு மனப்பாடம். அப்பா வண்டியில வேறென்ன பேச்சு?"

கவுன்சிலர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில் வாசலில் கூட்டம் விலகி வழிவிட்டது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு முப்பத்தொண்ணு வந்தார். அக்குளில் மடித்த நாற்காலிக் கொடி இருந்தது.

அவருக்கு அந்தப் பெயர் வந்ததே அப்பாவால்தான். ஒரு தேர்தலில் அவர் நாற்காலி வேட்பாளர். கடைசி நாள் மாலை, அவருடைய பதாகை கட்டிய வண்டியில் உட்கார்ந்துகொண்டு, அவருடைய கோட்டையான மில் குடியிருப்பில், "மறவாதீர் குடைச் சின்னம்" என்று அப்பா முழங்கிவிட்டார். மகள் ஹார்னை இரண்டு முறை அழுத்தினாள். தெருநாயை விரட்டுகிறாள் என்று நினைத்து அப்பா இன்னும் உரக்க முழங்கினார். மில் குடியிருப்பே வயிறு குலுங்கச் சிரித்தது. முப்பத்தொரு ஓட்டில் குடை ஜெயித்தது. கட்சி அவருக்கு மறுபடி சீட்டுத் தரவில்லை. அன்றிலிருந்து அவர் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

முப்பத்தொண்ணு கொடியை விரிக்கவில்லை. அப்பாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு மகளிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"நீதானே அன்னிக்கு வண்டி ஓட்டினே? உண்மையைச் சொல்லும்மா. வேணும்னே சொன்னானா?"

கவுன்சிலர்கூடக் காதைத் தீட்டிக்கொண்டார்.

"இல்ல பெரியப்பா. பசி."

"பசியா?"

"அன்னிக்கு வீட்டுக்கு வரவே நேரமில்ல. நடுரோட்டுல நிறுத்திப் பதாகையை மட்டும் மாத்தினோம். வீட்டுக்கு வந்து, அம்மா கையால சாப்பிட்டு எழுந்தாத்தான் அப்பாவுக்குக் கட்சி மாறும். அன்னிக்கு மாறல. அவ்வளவுதான். அப்புறம் எத்தனையோ ராத்திரி தூங்காம கிடந்தார். உங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பியிருக்கார்."

முப்பத்தொண்ணுவின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அடப்பாவி! ஒரு வேளைச் சோத்துல போச்சா என் பதவி? உள்ள வந்து சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா" என்று அப்பாவைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்குளில் இருந்த கொடியை எடுத்துத் தன் ஆளிடம் நீட்டினார். "கொண்டுபோய் வண்டியில போடு. இங்க வேணாம்." பிறகு கவுன்சிலரை ஒரு பார்வை பார்த்தார். கவுன்சிலரும் தன் கொடியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

ஐந்து மணிக்குக் குடைக் கட்சியின் வண்டி தெருமுனையில் நின்றிருந்தது. "உங்கள் பொன்னான..." என்று அப்பாவின் குரல் வந்தது, பாதியில் அறுந்தது. தூரத்துத் தெருவில் நாற்காலிக்காகக் கேட்டுக்கொண்டிருந்த குரலும் நின்றது.

"நின்னுடுச்சு" என்றாள் அம்மா. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். மகள் அவளைக் கட்டிக்கொண்டாள்.

அப்பாவை வெள்ளைத் துணி மட்டும் போர்த்தி, அவருடைய சொந்த வண்டியில் பின்னால் கிடத்தினார்கள். முன் இருக்கையில் மைக் கிடந்தது. முப்பத்தொண்ணு அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். மகள் வண்டியை எடுத்தாள். பின்னால் குடைக்காரர்களும் நாற்காலிக்காரர்களும் வெறுங்கையோடு ஒன்றாக நடந்தார்கள். மயானத்துக்கு நேர்வழி இருந்தது. அவள் பிரசாரம் போகும் வழியில் போனாள். கடைவீதியில் ஷட்டர்கள் பாதி இறங்கின. அடுக்குமாடிகளின் பால்கனிகளில் ஆட்கள் வந்து நின்றார்கள்.

மில் குடியிருப்பில் மிச்சமிருந்த ஒரே வரிசை வீடுகளின் முனையில், பழக்கத்தில் கால் பிரேக்குக்குப் போனது. வண்டி நின்றது. வண்டியைத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்தார்கள். முப்பத்தொண்ணு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் ஹார்னை ஒரு முறை அழுத்தினாள்.

அப்பா பேசி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தாள். பிறகு கியரைப் போட்டாள்.