பூஜ்யம் எண் டோக்கன்

0

மாமனார் வாயைத் திறந்தார்.

(இதைத்தான் முதல் வரியாக வைத்தேன். பிடிக்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே பாத்திரம் வாயைத் திறந்துவிட்டால் கதாசிரியனுக்கு என்ன வேலை? ஆனாலும் அடிக்கவில்லை. அடியில் கிடக்கட்டும்.)

இந்தக் கதை என் பல்வலியில் முளைத்தது. வாயில் மிச்சம் நாலு பல். நாலுக்கும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை கிடையாது. பல் டாக்டரிடம் வந்து உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலிப் பெண் மடிக்கணினியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா எழுதுற?"

"ஸ்டாக்னு ஒரு அடுக்கு, தாத்தா. ஒண்ணு மேல ஒண்ணா அஞ்சு அறை. கடைசியா வச்சதைத்தான் முதல்ல எடுக்கலாம். அடியில இருக்கறதை நேரா தொடவே முடியாது."

என் ஞாபகசக்தியும் அப்படித்தான் என்பதால் உடனே புரிந்துவிட்டது. கதைக்கும் ஐந்தே அறை என்று முடிவு செய்தேன். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவது கணினிக்காரர்களின் தொழில் வழக்கம், அச்சுப்பிழை அல்ல.

1

ஒரு மருமகள் இருந்தாள். கயல்விழியாள், மின்னலிடை... (வேண்டாம். மூக்குக் கண்ணாடி போட்டவள். நிரல் எழுதுகிறவள்.)

ஒரு பல் மருத்துவமனைக்கு டோக்கன் இயந்திரம் செய்து கொடுத்தாள். அவசரம். முன்பு வேறொரு வேலையில், கடைசியாகச் செய்ததை முதலில் அழிக்கும் பொத்தானுக்காக எழுதிய ஸ்டாக்கை அப்படியே எடுத்து ஒட்டிவிட்டாள். விளைவு, கடைசியாக வந்தவருக்கு முதல் வைத்தியம்.

2

இயந்திரம் வந்த அன்று, கதவு திறக்குமுன்பே வீங்கிய கன்னத்தோடு போய் நின்றவர் அவளுடைய மாமனார். டோக்கன் வந்தது: பூஜ்யம்.

"முதல்ல வந்தவனுக்கு சைபரா?" என்று முகம் சுருங்கினாலும், வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "இந்த மிஷின் எம் மருமக செஞ்சது. நியாயம் தவறாது."

கேட்டவர் தலையாட்டி முடிப்பதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிடும்.

விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. வாசலில், கண்டிராத பண்பாடு. "நீங்க போங்க." "ஐயையோ, பெரியவங்க நீங்க போங்க." ஒரு தையற்காரர் ஒரு பூட்டுக்காரரை அலாக்காகத் தூக்கிக்கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டு, பின்னால் வந்து டோக்கன் எடுத்தார். (நம்பாதவர்கள் தையற்காரரின் புஜத்தைப் பார்த்ததில்லை.)

3

மதியம் மருமகள் வந்தாள். ஒரு பார்வையில் விளங்கிவிட்டது.

"மாமாவை முதல்ல அனுப்புங்க."

"அதுக்குப் பட்டனே இல்லையே மேடம்," என்றாள் வரவேற்பறைப் பெண். "வெளியாள் உள்ள கை வைக்கக் கூடாதுன்னு நீங்கதான பூட்டி வச்சீங்க?"

பூட்டியவள் அவள்தான். சாவியும் கணினியும் அலுவலகத்தில்.

"வாம்மா," என்றார் மாமனார், கன்னத்தைப் பிடித்தபடி. "உன் மிஷின் மேல தப்பில்ல. எல்லாம் என் நேரம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். உண்மையைச் சொன்னால், காலையிலிருந்து அவர் ஊருக்கெல்லாம் பீற்றிய பெருமை என்னாவது? (இங்கே அவளை அழவைத்து ஒரு பத்தி எழுதினேன். எனக்கே கொட்டாவி வந்ததால் நீக்கிவிட்டேன்.)

4

அவள் போய் வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"இடமில்லைங்க."

"ரெண்டு நாற்காலி காலியா கெடக்கே!"

"கண்ணுக்குத்தான் காலி."

"யாரும்மா நீ, டாக்டரா?"

"எரர் மெசேஜ்."

அடுக்கில் புதிதாக யாரும் ஏறவில்லை. மேலே இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். தையற்காரர் போனார், பூட்டுக்காரர் போனார். கடைசியில் ஒலிபெருக்கி சொன்னது: பூஜ்யம்.

மாமனார் எழுந்தார். இயந்திரத்தைப் பார்த்தார். வாசலை அடைத்து நின்ற கைகளைப் பார்த்தார். ஏதோ பிடிபட்டதுபோல் நின்றுவிட்டார். உள்ளேயிருந்து டாக்டர், "வாங்க, வாங்க" என்றார். மருமகள், "மாமா, அந்த மிஷின்..." என்று தொடங்க, அவர்

மன்னிக்கவும். ஐந்து அறையும் நிரம்பிவிட்டது. முடிவை வைக்க இடமில்லை.

ஒரே வழிதான். கதையை மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போங்கள். எல்லாம் போனபின் அடியில் ஒரு வரி கிடக்கும், பிடிக்காமல் நான் விட்டுவைத்த வரி. அது டாக்டருக்காகவா, மருமகளுக்காகவா என்பது உங்கள் பாடு.

நானே சொல்லியிருப்பேன். ஆனால் என்னைக் கூப்பிடுகிறார்கள். இத்தனைக்கும் நான்தான் கடைசியாக வந்தவன்.